சொல்லிவிட்டுப் போனவர்

“எதைத் தொட்டாலும் நாலு நாளைக்கு மேல நிலைக்க மாட்டேங்குதும்மா” என்றார் தணிகாசலம்.

பூங்காவின் பின்பக்கம் வளையப்பந்து சொல்லிக்கொடுக்கிற பூங்கோதைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் குருவிடம் முறையிடுவதுபோலத்தான் சொன்னார்.

“எதையெல்லாம் தொட்டீங்க?”

“நடைக்குப் போனேன், நின்னுபோச்சு. சைக்கிள் வாங்கினேன், இப்போ அதுமேல துண்டு காயுது. யோகா விரிப்பு கட்டிலுக்கு அடியில கிடக்கு.”

ஆரம்ப சூரத்தனத்தில் மனுஷனை அடிக்க ஆளில்லை.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது.

“இதுவும் விட்டுப்போச்சுன்னா நாற்காலிதாம்மா. காலைல உட்கார்ந்தா ராத்திரிவரைக்கும். பேச ஆளில்ல, எழுந்திருக்கக் காரணமும் இல்ல. பயமா இருக்கு.”

அவள் ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசினாள். அவர் பிடித்தார், தவறவிட்டார், குனிந்து எடுத்தார். சட்டை நனைந்தது.

இருட்டத் தொடங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“சரிம்மா, நான் போறேன்.”

பூங்கோதை வழியை மறித்து நின்றாள்.

“போறேன்னு சொல்லலாமா சார்?”

“தனிக்கட்டைதானே. எப்படிச் சொன்னா என்ன?”

“வீட்டுலேர்ந்து கிளம்பும்போது என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“யார்கிட்ட சொல்ல? பூட்டிட்டு வந்தேன்.”

“உங்க வீட்டம்மா இருந்தப்போ?”

“போயிட்டு வரேன்னு சொல்வேன்.”

“சொல்லிட்டு?”

“வந்துடுவேன். சொல்லிட்டு வராம இருக்க முடியுமா?”

“அப்போ இங்க சொல்லிட்டுப் போங்க.”

மனைவி போனபிறகு அந்தச் சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. சொல்லப் பார்த்தார். வலையைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

“போயிட்டு வரேன்.”

“வாங்க” என்று அவள் வழிவிட்டாள்.

மறுநாள் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் ஆடுகளம் குளமாகக் கிடந்தது. வலையைக் கழற்றி எடுத்துப் போகலாமென்று பூங்கோதை குடையோடு வந்தாள்.

களத்தோரத் தகரக் கூரையின் அடியில், கையைக் காலை வீசி, தன்னந்தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தார் தணிகாசலம்.

“என்ன சார் இது? இந்த மழையில யார் வரப்போறாங்கன்னு வந்தீங்க?”

அவருக்கு மூச்சு வாங்கியது.

“நேத்து சொல்லிட்டுப் போனேனேம்மா.”