நசுங்காத எலுமிச்சம்பழம்

சென்னியப்பன் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இந்தத் தகவலைத் தந்ததும் சென்னியப்பன்தான்.

கோயமுத்தூரில் பம்ப் மோட்டார் கடை வைத்திருக்கும் அவர், ஐம்பதைத் தாண்டியபின் சைக்கிள் பித்துப் பிடித்து, ஞாயிறு காலைகளில் ஒரு குழுவோடு சவாரி போகிறவர். சவாரி முடிந்ததும் எல்லோரும் தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் டீயும் பஜ்ஜியுமாக உட்காருவார்கள். சவாரியில் கடைசியாக வருகிற சென்னியப்பன் பஜ்ஜியில் முதல் ஆளாக வந்துவிடுவார்.

அன்றைக்கு அவர் நினைப்பு பஜ்ஜியில் இல்லை. அடுத்த ஞாயிறு பெரிய சவாரி. கொஞ்ச தூரம் தார் ரோடு, அப்புறம் வாய்க்கால் கரை, அதற்கப்புறம் கல்குவாரி ஜல்லிப் பாதை. போன தடவை இதே பாதையில் அவருடைய ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள் சேற்றில் சொருகிக்கொண்டது. கறிக்கோழி ஏற்றிவந்த ஒரு குட்டியானை வேனில், கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் திரும்பினார். அதனால் குழுவின் தலைவி ஜெசிந்தா, தொழிலால் பல் டாக்டர், பல்லைப் பிடுங்குகிற அதே நிதானத்தோடு சொல்லிவிட்டார்: இந்தப் பாதைக்கு ஏற்ற வண்டி இல்லாதவர்கள் வாழைப்பழமும் தண்ணீரும் ஏற்றிய வேனில் வரலாம்.

வேன் என்ற வார்த்தையைக் கேட்டாலே சென்னியப்பனுக்குக் கோழி நாற்றம் அடித்தது. இன்னொரு தடவை அந்த அவமானத்தைத் தாங்க அவரால் முடியாது.

"அண்ணா, புது வண்டி எங்கீங்க?" என்று ஆரம்பித்தார் மாதையன். மில்லில் எலக்ட்ரீசியன். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாத ஆசாமி. "கார்பன் கிராவல் சைக்கிள், தாரு, மண்ணு, ஜல்லி எல்லாத்துக்கும் ஒரே வண்டின்னு போன வாரம் பூரா சொன்னீங்களே?"

உண்மை என்னவென்றால், சைக்கிள் கடையில் இரும்புக்குப் பதில் கார்பன் இழையில் செய்த இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று லேசு, பார்க்க ராஜா மாதிரி. இன்னொன்று கொஞ்சம் கனம், தடி டயர். இதுவா அதுவா என்று ஒரு வாரமாகக் கடைக்காரர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார் சென்னியப்பன். இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த வாய் என்றைக்கு அவர் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"வாங்கியாச்சுங்க. வீட்டு வாசல்ல நிக்குது."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. இனி திரும்ப முடியாது, மிதிக்க வேண்டியதுதான்.

"லேசுன்னா அப்புடியொரு லேசுங்க டாக்டரம்மா. கடைல அதைக் கல்லா மேசையோட காலுல கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க. ஏன்னு கேட்டனுங்க. ஃபேன் போடோணுமில்லீங்கன்னாரு."

"சைக்கிளுக்கும் ஃபேனுக்கும் என்னங்கண்ணா சம்பந்தம்?" என்றார் மாதையன்.

"ஒண்ணுல வெச்சா ஆடுதுங்க. மூணுல வெச்சா மேல போயி சீலிங்ல ஒட்டிக்குது. அப்புறம் ஏணி போட்டுத்தான் எறக்கோணும்."

மாதையன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் குடைந்துகொண்டார். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "லேசு கெடக்கட்டும்ணா. டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல எடம் இருக்குதா? இல்லீன்னா வாய்க்கால் சேறு அடைச்சுக்கும்."

"எடமா? நான் கரைமேல மிதிச்சிட்டே போறேன், ஒரு கீரிப்பிள்ளை இந்தப் பக்கம் நொழைஞ்சு அந்தப் பக்கம் போகுதுங்க. பின்னாலயே அது குட்டிகளும் போகுது."

"குட்டிக பயப்படலீங்களா?" என்றார் மாதையன்.

"முன்சக்கரத்துல பயந்துச்சுக. பின்சக்கரத்துல பழகிருச்சு."

"ஜல்லியில குலுங்காதுங்களா?"

"ஹேண்டில் மேல ஒரு டம்ளர் பாலை வெச்சுட்டுத்தான் குவாரிக்குள்ள போனனுங்க. திரும்பி வந்து பாத்தா ஆடை படிஞ்சிருக்குது. எங்க வீட்டுக்காரி வசந்தாமணி ஒரு சொட்டு மோர் விட்டிருந்தாள்னா தயிராவே எறக்கியிருக்கலாம்."

பக்கத்துப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்துவிட்டார். கூட்டம் சேர்ந்தால் சென்னியப்பனுக்குக் கால் தரையில் நிற்காது.

"கியரைக் கேளுங்க. அடிக் கியர்ல ஏத்தம் ஏறறதே தெரியாதுங்க. என்ன, கொஞ்சம் மெதுவு. அடிவாரத்துல சவரம் பண்ணிட்டுத்தான் ஏறினேன், மேட்டுக்குப் போறப்ப நெஞ்சு வரைக்கும் தாடி. பின்னால ஒரு நத்தை வந்துச்சுங்க. 'அண்ணா, சித்த ஒதுங்குங்க'ன்னு கேட்டுச்சு. ஒதுங்கிட்டனுங்க. மரியாதை தெரிஞ்ச நத்தை."

"இது ஒண்ண மட்டும் நான் நம்பறேண்ணா," என்றார் ஜெசிந்தா.

"அத்தனையும் சரி," என்றார் மாதையன், டெஸ்டரை எடுக்கிற முகத்தோடு. "அப்பேர்ப்பட்ட வண்டிய வீட்ல விட்டுட்டு இந்தப் பழசுல எதுக்குங்க வந்தீங்க?"

சென்னியப்பன் பஜ்ஜியை மென்றார். தேவைக்கு மேலேயே மென்றார். அண்ணாந்து பார்த்தபோது, பேக்கரி வாசலில் திருஷ்டிக்காகப் பச்சைமிளகாயோடு கோத்துத் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம் கண்ணில் பட்டது. தெய்வமே இறங்கி வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"எலுமிச்சம்பழம் நசுங்கலீங்க," என்றார்.

"என்னது?"

"புது வண்டின்னா பிள்ளையார் கோயில் முன்னால பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில பழம் வெச்சு நசுக்கித்தான எடுக்கோணும்? நேத்துத்தான் வெச்சோமுங்க. ஏத்தினேன். பழம் அப்புடியே இருக்குது. பின்னால வந்து மறுக்கா ஏத்தினேன். ஒரு சுருக்கம் விழலை. ஐயரு பழத்த எடுத்துப் பாத்துட்டு, கழுவி அவரு ரசத்துக்குக் கொண்டுபோயிட்டாரு. பழம் நசுங்காம வண்டி இனி ரோட்டுல எறங்கக்கூடாதுன்னு வசந்தாமணி ஒரே பிடி."

கூட்டம் மெச்சுவதுபோல் தலையாட்டியது. மாதையன் மட்டும் ஆட்டவில்லை.

"வண்டிய உருட்டிட்டுப் போனீங்களா, மேல உக்காந்து போனீங்களாண்ணா?"

"உக்காந்துதாங்க. என்ன கேக்கறீங்க நீங்க?"

சொன்ன வேகத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அத்தனை கண்களும் அவர் முகத்திலிருந்து இறங்கி, இறுக்கமான சைக்கிள் பனியனுக்குள் அடங்க மறுத்த அவருடைய தொப்பையில் வந்து நின்றன.

"வண்டி லேசுங்கறத ஒத்துக்கறேன்," என்றார் மாதையன். "ஆனா நீங்களும் கூட இருந்தீங்களே."

"அதுதாங்க கார்பனோட மகிமை!" என்றார் சென்னியப்பன். "என்னோட கனத்தையும் அதுவே உள்ள இழுத்துக்குச்சு."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய். சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அது.

"ஏனுங்க," என்றது வசந்தாமணியின் குரல், பேக்கரி முழுக்கக் கேட்க. "சைக்கிள் கடைக்காரரு கூப்பிட்டாருங்க. எந்த வண்டின்னு இன்னைக்காவது சொல்லுவீங்களான்னு கேக்கறாரு. அந்த லேசு வண்டி நூறு கிலோவுக்கு மேல ஆள் தாங்காதாமுங்க. நீங்க எம்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கீங்களாமே? நான் நெசத்தைச் சொல்லிட்டேன். மனுசன் பயந்துட்டாருங்க. நான் சொன்னது தப்புங்களா?"

"தப்பில்ல, வெச்சிரு," என்றார் சென்னியப்பன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"டாக்டரம்மா," என்றார், வழக்கமான குரல் இல்லாமல். "எனக்கு வேன்ல வர முடியாதுங்க. போன தடவை சிக்னல்ல வண்டி நின்னப்ப, எங்க கடை வாடிக்கையாளர் ஒருத்தர் என்னைப் பாத்துட்டுக் கோழி என்ன வெலைன்னு கேட்டாருங்க."

ஜெசிந்தா அப்போதுதான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "அந்தத் தடி டயர் வண்டிய எடுங்கண்ணா. கொஞ்சம் கனம்னா என்ன, அது உங்களத் தாங்கும். ஆனா பழத்தை நாங்க வெப்போம்."

அடுத்த ஞாயிறு பேக்கரி வாசலில் வசந்தாமணி சூடம் காட்டினார். மாதையனே குனிந்து சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தார். சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். பழம் இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. விதை ஒன்று மாதையன் மூக்குக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு அவர் எல்லோருக்கும் பின்னால், ஆனால் மிதித்துத்தான் வந்தார். தாரிலும் வந்தார், வாய்க்கால் கரையிலும் வந்தார், ஜல்லியிலும் வந்தார். முடிவில் குவாரி மேட்டில் சேறு பூசிய மூஞ்சியோடு இறங்கி நின்றபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த வண்டியைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப லேசா இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

சென்னியப்பனின் வாய் முந்திக்கொண்டது. "கார்பனுங்க. ஒரு காத்தடிச்சாப் போதும், பறந்துரும்."

"ஆமாங்க," என்றார் மாதையன், கண்ணாடியைத் துடைத்தபடி. "இவரு எறங்கினதுக்கப்புறம்."