சர்வீஸ் பைப்புக்குச் சரிகைத் தலைப்பாகை

கோணக்கரைப்பட்டி அம்மையப்பனுக்குப் பெண் அமைந்ததே பெரிய விஷயம். பெண்ணின் அப்பா தொப்பளான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வீட்டுக்குக் கரண்ட் வரட்டும். வெள்ளிக்கிழமை வந்து பேசி முடிச்சுக்கலாம்."

லைன்மேன் வந்து கூரையைப் பார்த்தார். "கம்பத்து ஒயர் இறங்குறதுக்கு மேலே ஒரு சர்வீஸ் பைப் நிக்கணும். தலையில தொப்பி இருக்கணும். கழுத்து வளைஞ்சிருக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி வாய்க்குள்ள போகக்கூடாது. தயார் பண்ணி வைங்க." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அம்மையப்பனும் தம்பிகள் சடையனும் குருநாதனும் இரும்புப் பைப் ஒன்றை வாங்கிவந்து, பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள்.

"இதுல தலை எது, கால் எது?" என்றான் சடையன்.

அம்மையப்பனுக்கு ஒரே கவலை. தலைகீழாக நிறுத்தி, கரண்டும் தலைகீழாக வந்து, கல்யாணம் நின்றுபோனால்?

"உள்ளங்கால்ல கூச்சம் இருக்கும். கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்ப்போம்" என்றான் குருநாதன்.

மூட்டினார்கள். இரண்டு பக்கமும் சிரிப்பு வரவில்லை.

"அழுத்தமான ஆளு" என்றான் சடையன் மரியாதையோடு. அதிலிருந்து மூவரும் பைப்பை 'அவர்' என்றே சொன்னார்கள்.

தொப்பி கிடைக்கவில்லை. அம்மையப்பன் தன் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த சரிகைத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிட்டான். மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"கழுத்து வளையணுமே?"

"கல்யாணப் பேச்சை எடுத்தா யாரா இருந்தாலும் தலைகுனிவாங்க."

மாறி மாறிப் பேசினார்கள். அவர் குனியவில்லை. கடைசியில் கழுத்தில் ஆட்டுக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதும் வெட்கம் வந்துவிட்டது. பிறகு கூரையேறி அவரை நிறுத்துவதற்குள் பாதி ஓடு நொறுங்கியது.

தண்ணி விஷயத்தில்தான் சிக்கல். யார் வாய்க்குள் போகக்கூடாது என்று லைன்மேன் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று மூவருமே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை லைன்மேன் வந்தார். பைப்பைப் பார்த்தார், நாக்கு வறண்டு நின்ற மூவரையும் பார்த்தார். கூரையேறித் தலைப்பாகையைத் தளர்த்தி, ஒயரை உள்ளே விட்டு, கனெக்‌ஷன் கொடுத்துவிட்டு வேகமாகக் கிளம்பினார். பல்ப் எரிந்தது. அம்மையப்பனுக்குக் கண் கலங்கியது.

கொஞ்ச நேரத்தில் தொப்பளான் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"மேலே நிக்கிறது யாரு?"

"அவர் சர்வீஸ்ல இருக்கார்" என்றான் சடையன்.

"அப்படியா? நல்ல அடக்கம். நிமிர்ந்துகூடப் பார்க்கலையே. தண்ணி கிண்ணி போடுவாரோ?"

"ஒரு சொட்டு வாய்ல படாது."

தொப்பளான் யோசித்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. சர்வீஸ்ல இருக்கற மாப்பிள்ளையை விட்டுட்டு உங்களுக்குக் கொடுத்தா என் பொண்ணு என்னைச் சும்மா விடமாட்டா. இவரையே பேசி முடிச்சுடலாம்."

அம்மையப்பன் அண்ணாந்தான். பைப்பை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தான். தன்னைவிட நாலடி உயரம்.

"நியாயம்தான் மாமா. மூத்தவர் இருக்கும்போது எனக்கு முதல்ல ஆகலாமா?" என்று தன் பழைய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவருடைய ஜாதகத்தை வாங்கிவர இரும்புக் கடைக்குக் கிளம்பினான்.