குணபூடணரின் கையில் மாட்டிய குடுவை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை விசயகண்டர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வாரத்துக்கு ஒரு பைத்தியம் அவருக்கு. போன வாரம் கிளிமேல் ஆசை வந்து, சபையில் இருந்த அத்தனை பேரையும் பச்சை மிளகாய் தின்ன வைத்தார். இந்த வாரம் ஒரு மண்குடுவை. பூசணிக்காய் போல வயிறு, பிடிக்குள் அடங்கும் கழுத்து, காக்கைக் கறுப்பு.

பிரதானி குணபூடணர் சந்தையில் வாங்கிவந்து காணிக்கையாய் வைத்தது அது. ராஜா அதை மடியில் வைத்துக்கொண்டு, "இதைச் செய்தது யார்? அந்தக் கைக்கு என் பக்கத்திலேயே ஆசனம்!" என்றார்.

அந்த ஆசனத்தின்மேல் குணபூடணருக்கு வெகுநாளாய்க் கண்.

"அடியேன்தான், மகாராஜா. பொழுதுபோக்காகச் செய்தேன்" என்றார்.



மடைப்பள்ளிக்குச் சோற்றுப்பானை கொண்டுவந்த குயத்தி சடைச்சியின் காதுக்கு இது போயிற்று. நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராசா, அது என் கைவேலை."

"சாட்சி?"

"நானும் சக்கரமும்தான் இருந்தோம். சக்கரம் பேசாதே, சாமி."

குணபூடணர் சிரித்தார். ராஜா சிரிக்கவில்லை. "பொய் சொன்னது நீயானால், உன் சக்கரம் அடுப்புக்குப் போகும்."

சடைச்சிக்கு இருக்கிற பிழைப்பு அது ஒன்றுதான். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் பிரதானியிடம் திரும்பினாள்.

"ஐயா, உள்பக்கம் இவ்வளவு வழவழப்பா இருக்கே, எப்படிச் செய்தீங்க?"

"கையை உள்ளே விட்டுத் தடவித்தான்."

"இந்தக் கைதானா?"

"பின்னே, இரவல் கையா?"

"ஒரு தடவை விட்டுக் காட்டுங்களேன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணபூடணர் மோதிரங்களைக் கழற்றினார், விரல்களைக் குவித்தார், பல்லைக் கடித்துத் திணித்தார். மணிக்கட்டுவரை போயிற்று. திரும்பி வரவில்லை.

"உடைத்தீரோ, தொலைந்தீர்!" என்று ராஜா அலறினார்.

சடைச்சி சொன்னாள்: "மகாராசா, முதலில் வாய் அகலமா இருக்கும். உள்ளே வழித்த பிறகுதான் கழுத்தை ஒடுக்குவோம். அப்புறம் என் கையே போகாது. செய்தவருக்கு இது தெரியும், கையை விட்டிருக்க மாட்டார்."

நல்லெண்ணெய் வந்தது. இரண்டு சேவகர் இடுப்பைப் பிடித்து இழுக்க, சடைச்சி குடுவையை மெல்லத் திருகிக் கழற்றினாள். கீறல்கூட இல்லை, குடுவையில்.

"வந்து உட்கார்" என்று ராஜா ஆசனத்தைக் காட்டினார்.

"வேண்டாம், சாமி. சும்மா உட்கார்ந்தா எனக்குக் கால் மரத்துப்போகும். இது நான் செய்ததுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும்."

ராஜா குணபூடணரைப் பார்த்தார். அன்றே அவருக்கு வேறு உத்தியோகம் ஆயிற்று. கொலுமண்டப வாசலில் குடுவை, பக்கத்தில் அவர். வருகிறவர்கள் எல்லாரும் நின்று, "அடடா, யார் கைவேலை?" என்று கேட்பார்கள்.

"சடைச்சி" என்பார் குணபூடணர்.

காது மந்தமானவர்களுக்கு இரண்டு தடவை.