பவளம் புடிச்ச வடம்

ஒரு ஊர்ல ஒரு குட்டிப் பொண்ணு இருந்தாளாம். அவ பேரு பவளம். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும், இல்லன்னா மாடு மாதிரி அங்கேயே படுத்துக்கும்.

ம்.

அந்தப் பவளத்துக்கு எல்லாப் புள்ளைங்களையும் போலத்தான் கைக்கு அஞ்சு விரலு. வெண்டைக்காப் பிஞ்சு கணக்கா அழகான விரலு. ஆனா ஒரு விரலுக்கும் ஒரு வேலையும் தெரியாது. ஏன் தெரியாது? செய்ய விட்டாத்தானே தெரியும்! வீட்டுல அப்பா, அம்மா, அத்தைன்னு மூணு பெரியவங்க, நடுவுல இவ ஒருத்திதான் புள்ள. செல்லம்னா செல்லம், அப்படியொரு செல்லம். சட்டப் பட்டன்ல கைய வெப்பா. "குடு இங்க, நான் போடுறேன்"னு அப்பா ஓடி வருவாரு. இட்லியப் பிக்கப் போவா. "குடு இங்க, நான் ஊட்டுறேன்"னு அம்மா தட்ட இழுத்துக்குவா. வாழப்பழத்துத் தோல உரிக்கலாம்னு பாப்பா. "குடு இங்க"ன்னு அத்தைக்காரி உரிச்சு, துண்டு போட்டு, வாயிலயே வெச்சிருவா. அந்த வீட்டுக் கொல்லையில வர்ற காக்கா கூட கா கான்னு கத்தாதாம், குடு இங்க குடு இங்கன்னுதான் கத்துமாம். சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும்.

ம்.

அப்புறம், அந்த ஊரு பால்வாடி வாசல்ல ஒரு பெரிய பாதாம் மரம் இருந்துச்சு. ஐப்பசி பொறந்தா போதும், அந்த மரத்துக்கு ஒரே கொண்டாட்டம். பச்ச இலையெல்லாம் மொதல்ல மஞ்சளாகும், அப்புறம் ஆரஞ்சாகும், அப்புறம் செக்கச்செவேல்னு ஆயிரும். அப்போ காத்து வந்து மரத்த ஒரு உலுக்கு உலுக்கும். பொத்து... பொத்து... பொத்துன்னு விழும் பாரு, ஒவ்வொரு இலையும் உன் மூஞ்சி அகலத்துக்கு இருக்கும்.

அந்த இலைய வெச்சுத்தான் பால்வாடிப் புள்ளைங்களுக்குன்னு ஒரு திருவிழா. இலைச் சப்பரம்னு பேரு. பெரியவங்க சாமிக்குத் தேர் இழுக்கிறாங்கள்ல, அது மாதிரி பொடிசுங்களுக்கு ஒரு சப்பரம். பழைய தள்ளுவண்டி ஒண்ணு, அதுக்கு மேல நாலு மூங்கில் கம்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளையும் இலையப் பொறுக்கணும், ஈர்க்குச்சியால ஓட்ட போடணும், வாழநாருல கோத்து மாலையாக்கணும். மாலையெல்லாம் சப்பரத்துல ஏறுனதும் வடத்தப் புடிச்சு, ஊரச் சுத்தி, கொளத்தங்கரை வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகணும்.

அதுல ரெண்டு சட்டம் உண்டு. எந்தக் கை மாலை கட்டுச்சோ அந்தக் கைதான் வடம் புடிக்கணும். புடிச்ச கை கொளத்தங்கரை வர்ற வரைக்கும் விடக் கூடாது. மூக்கு அரிச்சாலும் விடக் கூடாது, கால்சட்ட நழுவுனாலும் விடக் கூடாது. அப்படிக் கால்சட்ட நழுவிப் போன கதையெல்லாம் அந்த ஊர்ல நெறைய உண்டு, அது இப்ப வேண்டாம்.

போன வருசம் பவளம் அப்பா தோள்ல உக்காந்து வேடிக்கை பாத்தா. மேல இருந்து பாத்தா அந்த வடம் பாம்பாட்டம் நீளமா போகுது. அத ஒரே ஒரு தடவ தொட்டுப் பாக்கணும், இழுத்துப் பாக்கணும்னு அவளுக்கு அப்படி ஒரு ஆசை. "அடுத்த வருசம் நான் புடிப்பேன்"னா. தூக்கத்துல கூட அதையே சொன்னா.

அடுத்த வருசமும் வந்துச்சு. சந்தனமாரின்னு பால்வாடி டீச்சரம்மா. அவங்க எல்லாப் புள்ளைக்கும் ஈர்க்குச்சியும் நாரும் குடுத்து உக்கார வெச்சாங்க. பவளம் ஒரு இலையத் தூக்குனா. மொத்தக் கையாலயும் அமுக்கித் தூக்குனாளா, இலை கறுக் முறுக்னு நொறுங்கிப் போச்சு. பக்கத்துல மாடசாமின்னு ஒரு பய. இவளவிடச் சின்னவன், மூக்கொழுகி. அவன் எட்டிப் பாத்துட்டு, "எனக்கு மூணு இலை ஆயிருச்சு. ஒனக்கு எத்தன?"ன்னான். பவளத்துக்கு அழுகையா வந்துச்சு. ஆனா அழல. வீட்டுக்குப் போயி கத்துக்கலாம்னு மடி நெறைய இலையும் நாருமா எடுத்துக்கிட்டுப் போனா.

வீட்டுக்குத்தான் போயிருக்கக் கூடாது! வாசல்லயே அப்பா. "இதெல்லாம் ஓட்ட ஒடசல் இலை, குடு இங்க, நான் நல்லதாப் பொறுக்கித் தர்றேன்." திரும்புறதுக்குள்ள அம்மா. "ஈர்க்குச்சி கையில குத்திரும், குடு இங்க, நான் ஓட்ட போடுறேன்." சரி, கோக்கிறதாவது நாம கோக்கலாம்னு நாரத் தொட்டா, தையல் மிஷின விட்டு எந்திரிச்சு அத்தை வந்துட்டா. "இப்படியா கோப்பாங்க? குடு இங்க!"

கொஞ்ச நேரத்துல மாலை ரெடி. இலை எல்லாம் ஒரே அளவு, ஒரே செவப்பு. ஓரத்துல அத்தை ஜரிகை வேற வெச்சுத் தைச்சிருக்கா. கல்யாண மாப்பிள்ளைக்குப் போடலாம், அப்படி இருக்கு. மூணு பேரும் தள்ளி நின்னு பாத்துப் பூரிச்சுப் போனாங்க. பவளம் மட்டும் கீழ கெடந்த ஈர்க்குச்சிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னா.

ம்.

அப்புறம் சப்பர நாளு வந்துச்சு. வானம் கருகருன்னு இருக்கு, காத்து வேற. டீச்சரம்மா ஒவ்வொரு புள்ளையாக் கூப்பிட்டு, "எந்தக் கை கட்டுச்சு?"ன்னு கேப்பாங்க. "இந்தக் கை!"ன்னு புள்ள கையத் தூக்கிக் காட்டும். பாதாம் இலைக் கறை பட்டு விரல் நுனியெல்லாம் பழுப்பா இருக்கும். டீச்சரம்மா மாலைய வாங்கிச் சப்பரத்துல கட்டுவாங்க, புள்ள ஓடிப் போயி வடத்தப் புடிச்சுக்கும். மாடசாமி கூட மூணு இலை மாலையக் குடுத்துட்டு, மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டுப் போயி வடத்தப் புடிச்சுட்டான்.

கடைசியா பவளம். மாலையப் பாத்துட்டு ஊரே, "அடேயப்பா!"ன்னு வாயப் பொளந்துச்சு. டீச்சரம்மா கேட்டாங்க.

"எந்தக் கை கட்டுச்சு பவளம்?"

பின்னாடி இருந்து அப்பா குசுகுசுன்னு, "இந்தக் கைன்னு சொல்லு கண்ணு"ன்னாரு. பவளம் தன் கையப் பாத்தா. வெள்ளவெளேர்னு இருக்கு, ஒரு கறை இல்ல. திரும்பி வடத்தப் பாத்தா. இது மாலை கட்டுன கை இல்லன்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு.

"அப்பா பொறுக்குனாங்க, அம்மா ஓட்ட போட்டாங்க, அத்தை கோத்தாங்க"ன்னு சத்தமாச் சொல்லிட்டா.

அப்போ மாடசாமி வடத்த விடாம, கழுத்த மட்டும் திருப்பி, "அப்ப அவங்கதான் வடம் புடிக்கணும்!"னான். "ஆமா! ஆமா! எந்தக் கை கட்டுச்சோ அந்தக் கை!"ன்னு பொடிசுங்க எல்லாம் கத்துது. சட்டம்னா சட்டம்தானே? டீச்சரம்மாவும் சிரிப்ப அடக்கிக்கிட்டு, "வாங்க மூணு பேரும்"னாங்க. புள்ளைங்க புடிக்கிற வடம், முழங்கால் ஒசரம்தான் இருக்கும். அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு குனிஞ்சாரு. அம்மா குனிஞ்சா. அத்தை ஒரு கையால இடுப்பப் புடிச்சுக்கிட்டு, "ஐயோ ஐயோ"ன்னு குனிஞ்சா. ஊரே கைகொட்டிச் சிரிச்சுச்சு.

பவளம் சிரிக்கல. மாடசாமி வடத்துல இருக்கான், அப்பா வடத்துல இருக்காரு, அத்தை கூட வடத்துல இருக்கா. இவ மட்டும்தான் தனியா மரத்தடியில நிக்கிறா. ஒரு வருசமா கண்ட கனவு, கண்ணு முன்னாடி கெளம்பப் போகுது. உதடு பிதுங்குச்சு, கண்ணு ரெண்டும் முட்டிக்கிட்டு வந்துச்சு. பாவமா இருக்கு இல்ல? எனக்கும் பாவமாத்தான் இருக்கு.

ம்.

அப்போ மேல இடி, குடு குடு குடுன்னு. டீச்சரம்மா, "மழ வருது, கெளம்புவோமா?"ன்னாங்க. பவளம் கண்ணத் தொடச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டா பாரு.

"டீச்சர், ஒரு மாலைக்கு எத்தன இலை வேணும்?"

டீச்சரம்மா யோசிச்சாங்க. "நாருல ஏறிருச்சுன்னா ஒரு இலையும் மாலைதான்"னாங்க.

"அப்ப எல்லாரும் நில்லுங்க!"ன்னா பவளம்.

நின்னாங்க. பவளம் டீச்சரம்மாகிட்ட ஈர்க்குச்சியும் நாரும் வாங்கிக்கிட்டு மரத்தடியில சப்பணம் போட்டு உக்காந்தா. ஒரு இலையத் தூக்குனா, அது காஞ்ச இலை. கறுக் முறுக்! தூளு. அப்போ அம்மா அங்கேருந்து, "குடு இங்க!"ன்னு வடத்த விடப் போனா. புள்ளைங்க எல்லாம் ஒரே கூச்சல். "விடாதீங்க! வடத்த விடாதீங்க!" புடிச்ச கை விடக் கூடாதே! அம்மாக்காரி என்ன செய்வா, பல்லக் கடிச்சுக்கிட்டு வடத்தையே புடிச்சுக்கிட்டு நின்னா.

அப்புறம் ரெண்டாவது இலை. இந்தத் தடவ புதுசா விழுந்ததாப் பாத்து, காம்ப மட்டும் புடிச்சு, பூனைக்குட்டியத் தூக்குற மாதிரி மெதுவாத் தூக்குனா. நொறுங்கல! ஈர்க்குச்சிய எடுத்து ஒரே குத்து. சர்ர்ர்னு நுனி வரைக்கும் கிழிஞ்சு போச்சு. "ஐயோ"ன்னு அப்பா தலையில அடிச்சுக்கப் பாத்தாரு, கை வடத்துல மாட்டிக்கிச்சே. அத்தை மட்டும் சும்மா இருப்பாளா? "நடு நரம்புக்குப் பக்கத்துல குத்துடி! மெதுவாடி! இப்படி இல்லடி!"ன்னு கத்துறா.

"அத்தை, நீ பேசாத!"ன்னா பவளம்.

அந்த வீட்டுல அத்தைய அப்படிச் சொன்ன ஆளே கெடையாது. அத்தை வாயப் பொத்திக்கிட்டா. வாயால வாயப் பொத்துனா, ஒரு கை வடத்துல, ஒரு கை இடுப்புல, வேற கை ஏது?

அப்புறம் மூணாவது இலை. காம்பப் புடிச்சுத் தூக்குனா. ஈர்க்குச்சிய வெச்சு, அமுக்காம, திருகித் திருகி... பொட்டுனு ஒரு ஓட்ட. கிழியல. நார எடுத்தா. நாரு நுனி விரிஞ்சு தொடப்பம் மாதிரி நிக்குது. இந்தப் பக்கம் குத்துனா அந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் குத்துனா இந்தப் பக்கம் வழுக்குது. மழத் துளி ஒண்ணு மூக்கு மேல டொக்குனு விழுந்துச்சு. அவ தொடைக்கல. நாரு நுனிய வாயில வெச்சுச் சப்புனா, கட்ட விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு முறுக்குனா. நுனி ஊசி மாதிரி கூராச்சு. ஊரே மூச்சு விடல, காத்து கூட நின்னு போச்சு. பவளம் நாக்க வெளியில நீட்டிக்கிட்டு, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு...

சுலுக்!

போயிருச்சு! நாரு அந்தப் பக்கம் எட்டிப் பாக்குது! "போயிருச்சு! போயிருச்சு!"ன்னு மாடசாமிதான் மொதல்ல குதிச்சான், வடத்தோட சேந்து குதிச்சான். டீச்சரம்மா அந்த ஒத்த இலை மாலைய வாங்கி, எல்லா மாலைக்கும் முன்னாடி, சப்பரத்து நெத்தியில கட்டுனாங்க.

"எந்தக் கை கட்டுச்சு பவளம்?"

"இந்தக் கை!"

அவ போட்ட சத்தத்துல மரத்துல மிச்சம் இருந்த இலையெல்லாம் பொலபொலன்னு கொட்டிருச்சாம். ஓடுனா பாரு ஒரு ஓட்டம். அம்மாவுக்கு முன்னாடி, அத்தைக்கு முன்னாடி, மாடசாமிக்குப் பக்கத்துல போயி ரெண்டு கையாலயும் வடத்த இறுக்கிப் புடிச்சா. சொரசொரன்னு இருந்துச்சு வடம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு.

"இழு இழு இழு!" கிறீச்... கிறீச்... கட கட கட கட! சப்பரம் கெளம்பிருச்சு. செவப்பு மாலையெல்லாம் ஆடுது, ஊரு சனம் வாசலுக்கு வாசல் கைதட்டுது. பாதி வழியில சோன்னு மழ புடிச்சுக்கிச்சு. ஒருத்தரும் நிக்கல. அம்மாவுக்கு மனசு கேக்கல. பின்னாடி இருந்து, "பவளம், தலை நனையுதுடி! வடத்த விட்டுட்டு இங்க வா, முந்தானைக்குள்ள வந்து நில்லு"ன்னு கூப்புட்டா.

பவளம் திரும்பிக் கூடப் பாக்கல. மழத் தண்ணி மூஞ்சியில வழிய வழிய,

"கை வேலையா இருக்கும்மா!"ன்னா.

அவ்வளவுதான். சப்பரம் கொளத்தங்கரைக்குப் போயாச்சு, மழ விட்டாச்சு, கதையும் கரையேறியாச்சு. கண்ண மூடு, தூங்கு.