காசியில் விட்ட மாத்திரை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மருந்து விஷயம். ஒரு வார்த்தை மாறினாலும், கேட்கிறவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு ஏதாவது செய்துவிடக் கூடும். அதனால் ஐயா பேசியதை அப்படியே சொல்கிறேன். எனக்குப் புரிந்ததை நடுவில் நுழைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

தென்காசியில் குற்றாலலிங்கம் ஐயா ஒரு தியானக் கூடம் நடத்துகிறார். என்னைவிட வயதில் சிறியவர். என்னைப் ‘பிரமக்கா’ என்றுதான் கூப்பிடுவார். மார்கழியில் எங்களைக் காசிக்கு அழைத்துப் போனார்.

காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும். மனசுக்குப் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று. கங்கையில் முழுகி எழுந்து ‘இதை விடுகிறேன்’ என்று சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது.

படித்துறையில் ஐயா ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

“நீங்க எதை விட்டீங்க?”

“பாகற்காய்,” என்றாள் சண்முகவடிவு, என் பக்கத்து வீட்டுக்காரி.

“பிடிக்குமா?”

“பிடிச்சா எதுக்கு ஐயா விடுதேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார்.

“பிரமக்கா, நீங்க?”

“மனசுக்குள்ள சொல்லிட்டேன் ஐயா.”

அவர் மேலே கேட்கவில்லை.

நான் விட்டது மாத்திரையை. மகள் போன் எடுக்கத் தாமதமானாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். அதற்காக டாக்டர் ஜெசிந்தா எழுதிக் கொடுத்த மாத்திரை. படபடப்பு அடங்கியது உண்மை. ஆனால் காலையில் தலை கனத்தது. நாக்கு உலர்ந்து மேலே ஒட்டிக்கொண்டது. எழுந்தால் தலை சுற்றித் தள்ளியது. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே கண் அசந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ் வாசம்.

தியானத்தில் உட்கார்ந்தால் குறட்டை. “பிரமுக்கு சமாதி கூடிட்டு,” என்று சண்முகவடிவு கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். தியானம் பண்ணுகிறவளுக்கு மாத்திரை எதற்கு என்ற வெட்கம் வேறு. அட்டையோடு கங்கையில் போட்டேன்.

முதலில் தூக்கம் போனது. அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. அந்தக் குளிரிலும் ரவிக்கை வேர்த்து நனைந்தது. சத்திரத்தில் யாராவது கதவைச் சாத்தினால் உடம்பு தூக்கிப் போட்டது. கங்கை என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். அதே சமயம் ஒரு சந்தேகமும் குடைந்தது. அந்த மாத்திரை பொட்டளவுதான் இருக்கும். அது இல்லாமல் போனதற்கா இத்தனை?

மூன்றாம் நாள் காலையில் சண்முகவடிவு பார்த்துவிட்டாள்.

“என்னட்டி, காபியைத் தரைக்கு ஊட்டுதே?”

சொன்னேன்.

“அட கிறுக்கி! ஒரு காயை விடச் சொன்னா மாத்திரையையா விட்டே?” தன் பையைக் கிளறினாள். “இந்தா. எங்க வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தது. தூக்கத்துக்குத்தான். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. விட்டுப்போனதுக்கும் சேத்து ரெண்டாப் போட்டுக்க.”

“விட்டதைத் தொட்டா பாவம்டி.”

“நீ விட்டது உன் மாத்திரையை. இது அவர் மாத்திரைல்லா?”

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன். வராந்தாவில் ஐயா உட்கார்ந்திருந்தார். கேட்காமல் விழுங்க மனம் வரவில்லை.

“ஐயா, காசியில விட்டதைத் திரும்ப எடுத்தா என்ன ஆகும்?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார்.

“எதை விட்டீங்க அக்கா?”

எல்லாவற்றையும் சொன்னேன். தலைக் கனம், பால், குறட்டை.

“இப்படித் தூக்கமா வருதுன்னு டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?”

“இல்ல ஐயா. அவங்க எத்தனை பேரைப் பாக்காங்க. இதைப் போய்ச் சொல்லவான்னு…”

“டாக்டர்கிட்டச் சொல்லாததைக் கங்கைகிட்டச் சொல்லியிருக்கீங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கையில என்ன?”

“சண்முகவடிவு வீட்டுக்காரர் மாத்திரை.”

“இது உங்களை என்ன பண்ணும்?”

“தெரியாது ஐயா. உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது.”

ஐயா ஒன்றைத் தெரியாது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அவர் இரண்டு மாத்திரையையும் வாங்கிக்கொண்டு போய்ச் சண்முகவடிவிடம் கொடுத்தார். “அண்ணாச்சிக்குக் குறைஞ்சிரப் போகுது,” என்றார். அவள் வாங்கிப் பைக்குள் திணித்தாள்.

“எனக்குக் கொஞ்சம் திருநீறாவது தாங்க ஐயா.”

கொடுத்தார். நான் நெற்றியில் இட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

“எங்க ஐயா?”

“தெரிஞ்சவங்ககிட்ட.”

வாசலிலேயே என் போனில் டாக்டர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, என் காதில் வைத்தார்.

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்கம்மா?” என்றார் டாக்டர். “இது திடீர்னு நிறுத்தக் கூடாத மாத்திரை. சிலருக்கு வலிப்புகூட வந்துடும். இப்பவே அங்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த டாக்டர்கிட்ட நான் பேசுறேன். விட்டுப்போனதுக்கெல்லாம் சேத்துப் போடக் கூடாது. வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“குளிருக்கு இருமல் மருந்து…”

“அதுலயும் சிலது தூக்கத்தைக் கூட்டும். பாட்டிலோட கொண்டுபோய்க் காட்டுங்க.”

ரிக்‌ஷாவில் ஏறிய பிறகும் என் மனசு ஆறவில்லை. பாதி வழியில், இறங்கிவிடுகிறேன் என்றேன்.

“ஏன் அக்கா?”

“அங்க போனா அந்த மாத்திரையைத்தான் கொடுப்பாங்க. நான் முழுகி எழுந்து வாக்குக் கொடுத்திருக்கேன் ஐயா.”

“என்ன சொல்லிக் கொடுத்தீங்க? அப்படியே சொல்லுங்க.”

“தாயே, இந்த மாத்திரையை விடுதேன்னு.”

“எந்த நாள்லேருந்துன்னு சொன்னீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்ல.”

“அப்போ நாள் இன்னும் குறிக்கலை.”

“நாளா?”

“பேசி முடிச்ச அன்னைக்கேவா தாலி கட்டுதாங்க? வாக்கு வாக்காவே இருக்கட்டும். நாளைத் தெரிஞ்சவங்க குறிக்கட்டும்.”

“ஜோசியரா ஐயா?”

“டாக்டர்.”

ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்களும் போனில் பேசிக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அன்று முழுக்க அங்கேயே படுக்கவைத்துப் பார்த்தார்கள். நடுக்கம் மெல்ல மெல்லத்தான் அடங்கியது. ஐயா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போக வேண்டியவர்.

ஊருக்கு வந்ததும் டாக்டர் ஜெசிந்தாவிடம் போனேன். துணைக்குச் சண்முகவடிவும் வந்தாள். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை.

“இதை முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே அளவை மாத்தியிருப்பேனே,” என்றார் டாக்டர்.

அளவைக் கொஞ்சம் குறைத்து, போடும் நேரத்தையும் மாற்றினார். சட்டென்று எழக் கூடாது, கொஞ்சம் உட்கார்ந்திருந்து பிறகு எழ வேண்டும் என்றார். தூக்கம் அசத்தும் நேரத்தில் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. வாய் உலர்ந்தால் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். கடையில் எந்த மருந்து வாங்கினாலும் இந்த மாத்திரை பேரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தவர் மாத்திரையைத் தொடவே கூடாது. இதை மட்டும் சண்முகவடிவைப் பார்த்துச் சொன்னார். அவள் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள்.

“இம்புட்டுக்காணு மாத்திரை டாக்டர். அது இல்லாம உடம்பு ஏன் அப்படி ஆடிச்சு?”

“உடம்பு அதுக்குப் பழகியிருந்தது. பழகினதை எடுக்கணும்னா உடம்புக்கு அவகாசம் கொடுக்கணும்மா.”

“அப்போ எந்த நாள்ல நிறுத்தலாம்?”

“படிப்படியாத்தான் குறைக்கணும். ஒவ்வொரு தடவை குறைச்சதும் உடம்பு எப்படி இருக்குன்னு நீங்க வந்து சொல்லணும். அதை வச்சுத்தான் அடுத்த படி. இன்ன நாள்னு இப்போ எப்படிச் சொல்றது?”

சாயங்காலம் கூடத்தில் ஐயா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அருகில் போய் உட்கார்ந்தேன்.

“ஐயா, டாக்டர் நாள் குறிக்க மாட்டேங்காங்க.”

“சரி.”

“மாசக்கணக்கா ஆகும்போலிருக்கு. நடுவுல கூடக்குறைய ஆனாலும் ஆகுமாம்.”

“சரி.”

“அப்போ கங்கைக்குக் கொடுத்த வாக்கு?”

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“சீக்கிரம் கொடுன்னு கங்கை கேட்டாளா அக்கா?”

காலை நீட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்ன நேரத்தில் சொன்ன அளவைப் போட்டுக்கொண்டேன். அதுவரை நான் மாத்திரை சாப்பிடுவது மகளுக்குத் தெரியாது. அவளுக்குப் போன் போட்டு, அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, மாத்திரையின் பேரை எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னேன்.