பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்

கணினி ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் தரும் என்று உலகம் நம்புகிறது, அது பெரும்பிழை. நகரப் பேருந்துகளின் ஓட்டத்தைக் கணினியில் நடத்திப் பார்க்கும் மென்பொருளை எழுதிய பூங்கோதைக்கு அந்தப் பிழையால் வேலையே போகவிருந்தது.

“ஒவ்வொரு தடவையும் பயணி காத்திருக்கிற நேரம் மாறுதே! நாளைக்கு அமைச்சர் முன்னால ஒரே விடை வரணும். இல்லேன்னா வேற வேலை தேடிக்கோம்மா,” என்றார் பேருந்துக் கழகத் தலைவர் சடகோபன்.

மாலையில் பூங்கோதை வந்தாள். “நெரிசல், சிக்னல்னு மென்பொருள்ல இருந்த தற்செயலை எல்லாம் எடுத்துட்டேன் சார். இனிமே கணினியில சரியா பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். நாளைக்கு நீங்களே பஸ்ல வந்து அமைச்சர்கிட்ட சாட்சி சொல்லுங்க.”

“அதுக்கென்ன, வர்றேன்!”

மறுநாள் அமைச்சர் வந்து அரைமணியாகியும் தலைவரைக் காணோம். கைபேசி ஒலித்தது. அமைச்சருக்கும் கேட்கும்படி பூங்கோதை ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

“ஒரு பஸ்ஸும் வரலைம்மா! இரு, மூணு சேர்ந்தாப்ல வருது!”

“பழைய மென்பொருள் அதைத்தான் சார் சொல்லிச்சு.”

அமைச்சர் பழையதற்கே ஒப்புதல் தந்தார். தலைவர் காலியாக இருந்த மூன்றாவது பஸ்ஸில் உட்கார்ந்து வந்துசேர்ந்தார்.