ஏன் அறுபது என்று கேட்ட நீர்நாய்

ஒரு காட்டில், ஆறு வளைந்து மடுவாகத் தேங்கும் இடத்தில், மணிமுத்தா என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள்.

அவள் வீட்டு வாசல் தண்ணீருக்குள் இருந்தது. வாசலுக்கு எதிரே, எப்போதோ வெள்ளம் அடித்து வந்த பெரிய மரம் ஒன்று மடுவின் அடியில் சாய்ந்து கிடந்தது. குட்டிகளுக்கு அதுதான் விளையாட்டுத் திடல். அந்த மரத்தின் பட்டையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கட்டிகளைப் பிய்த்து எடுத்துவந்து, கரையில் மல்லாந்து படுத்து, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குத் தூக்கிப் போட்டு விளையாடும். நாள் முழுக்க இதே வேலைதான்.

மணிமுத்தாவுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கேட்காமல் செய்யமாட்டாள். "இன்னிக்கு மீன் ஏன் மேலேயே சுத்துது? அந்தக் கொக்கு ஏன் நேத்திலிருந்து அங்கேயே நிக்குது?" என்று யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். காட்டில் சிலர் அவளுக்குத் 'தொணதொணப்பு' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்! அந்தத் தொணதொணப்பு செய்த காரியத்தைக் கேளுங்கள் பிள்ளைகளே.

ஒரு நாள் காலையில் மணிமுத்தா பெரிய நண்டு ஒன்றைப் பிடித்து, கடைவாயில் வைத்துக் கடித்தாள். 'படக்' என்று சத்தம் வந்தது. உடைந்தது நண்டின் ஓடு என்றா நினைக்கிறீர்கள்? அவளுடைய பல்!

அம்மாடி, அந்த வலி! அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மாலைக்குள் கன்னம் பன்போல வீங்கிவிட்டது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் குட்டிகள்? அவற்றுக்கு இன்னும் பால்பல்தான். நண்டையும் நத்தையையும் அம்மா கடித்து உடைத்துக் கொடுத்தால்தான் உண்டு. இன்னும் ஒரு மாதத்தில் மழை இறங்கிவிடும். ஆறு செம்மண்ணாகக் கலங்கினால் மீன் கண்ணுக்கே தெரியாது. அப்போது நண்டும் நத்தையும்தான் சோறு. அவற்றை உடைக்கப் பல் இல்லையென்றால் குட்டிகள் பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

அந்தக் காட்டில் பல்வைத்தியம் பார்ப்பவர் செங்கொண்டையம்மா என்ற மரங்கொத்தி. அலகால் தட்டிப் பார்த்தே எந்தப் பல்லில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அங்கே குன்றிமணிதான் காசு. வைத்தியச் செலவு ஒரே தலையில் விழக்கூடாது என்று மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தன. பௌர்ணமிதோறும் ஆளுக்கு இரண்டு குன்றிமணியை ஒரு மருத மரப் பொந்தில் போட்டு வைக்கும். யாருக்காவது பல்லில் நோவு வந்தால் அந்தப் பொதுப் பொந்து கைகொடுக்கும். பொந்துக்குக் காவல், தேவாங்கு சாந்தப்பர். ரொம்ப மெதுவான ஆள், ஆனால் கணக்கில் கெட்டி.

மறுநாள் காலையில் மணிமுத்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வைத்தியரைப் பார்க்கக் கிளம்பினாள். வழியில் காட்டுப்பன்றி உறுமன் சேற்றிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எங்கே தங்கச்சி? அந்தக் கொத்திக்கிட்டயா? போகாதே!"

"ஏன் அண்ணே?"

"போன வருஷம் நான் பல்லுக்கு உறை போட்டேன். அறுபது குன்றிமணி வாங்கிட்டா. உறைக்குப் பாதி பொந்து குடுக்கும்னு சொன்னாங்களே, அறுபதுல பாதி எவ்வளவு?"

"முப்பது."

"அந்தத் தேவாங்கு என் கையிலே இருபதை வச்சான்! அவளும் திருடி, அவனும் திருடன். ரெண்டு பேரும் கூட்டு. அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல காடே கிடுகிடுத்துப் போச்சு. பொந்துல காசு போடறதையும் விட்டுட்டேன்."

"அறுபதும் இருபதும் ஏன்னு அவங்களைக் கேட்டியா அண்ணே?"

"கேக்கறதா? திருடங்கிட்ட என்ன கேள்வி?" என்று உறுமிவிட்டு அவன் மறுபடி சேற்றில் புரண்டான்.

மணிமுத்தாவுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள்.

செங்கொண்டையம்மா பல்லை மெல்லத் தட்டிப் பார்த்தார். "வேர் நல்லாத்தான் இருக்கு. சுத்தம் பண்ணி, மேலே உறை போட்டா பழையபடி நண்டு கடிக்கலாம். அறுபது குன்றிமணி ஆகும். வேண்டாம்னா பிடுங்கிடலாம். பிடுங்கறதுக்குப் பத்துதான், அதையும் பொந்தே குடுத்துடும். படுத்துக்கறியா?"

வேறு யாராக இருந்தாலும் வலியில் 'ஏதோ ஒண்ணு பண்ணுங்க' என்று படுத்திருப்பார்கள். மணிமுத்தா படுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கம்மா. பொந்து எவ்வளவு குடுக்கும்னு கேட்டுட்டு வந்துடறேன்."

"வலிக்குமே பொண்ணே!"

"வலிக்கட்டும்" என்றாள் அவள். வலியில் கண் கலங்கிக்கொண்டே மருத மரத்துக்கு நடந்தாள். என்ன நெஞ்சுறுதி பாருங்கள்!

சாந்தப்பர் பட்டப்பகலில் உருண்டையாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மணிமுத்தா மரத்தை உலுக்கினாள். ஒரு கண் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கண் திறந்தது.

"யாருக்கு... எந்தப் பல்லு... எப்போ முடிஞ்சது?" என்று இழுத்தார்.

"எனக்குத்தான் அண்ணே. இன்னும் வைத்தியம் ஆரம்பிக்கவே இல்லை. அதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

சாந்தப்பரின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. "முன்னாடியேவா? எல்லாரும் முடிஞ்சப்புறம்தானே வந்து என் மரத்தை உலுக்குவாங்க! உக்காரும்மா, உக்காரு."

அவர் மரப்பட்டையில் கீறி வைத்திருந்த பட்டியலை ஒவ்வொரு வரியாகத் தடவிக் காட்டினார். "பல்லு சுத்தம் பண்ண முழுசும் பொந்து குடுக்கும். ஏன்னா அழுக்கை எடுத்துட்டா பல்லு பிழைக்கும், பல்லு பிழைச்சா பொந்து பிழைக்கும். நீ சுத்தம் பண்ணிக்க வந்தியா?"

"ரெண்டு வருஷமா வரலை அண்ணே" என்று மணிமுத்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ம். சொத்தையை அடைக்க முக்கால் பங்கு. உறைக்குப் பாதி. முழுசும் குடுத்தா நாலு உறையில பொந்து காலி, அஞ்சாவது ஆளு என்ன பண்ணுவான்? ஆனா ஒண்ணு. பாதின்னா வைத்தியர் கேக்கறதுல பாதி இல்லை. இந்தப் பட்டியல்ல இருக்கற விலையில பாதி. உறைக்குப் பட்டியல் விலை நாற்பது. பொந்து குடுக்கறது இருபது."

"அப்போ என் கையிலிருந்து நாற்பது போகுமா!"

"போகும்."

மணிமுத்தாவிடம் இருந்ததே முப்பதுதான். மீன் பிடித்துக் கொடுத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. பிடுங்கிவிடுவதா? அவளுக்குக் குட்டிகளின் முகம் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, பட்டியல்ல ஏன் நாற்பதுன்னு இருக்கு?"

"பட்டியல் எழுதின அன்னிக்கு அம்மா நாற்பதுதான் வாங்கினாங்க. மூணு வருஷமா அறுபது வாங்கறாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. காரணத்தோட யாராவது சொன்னா அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசுவேன். யாரும் சொல்லலையே! வந்து கத்தறாங்க, போயிடறாங்க."

மணிமுத்தா வந்த வழியே வைத்தியரிடம் திரும்பி நடந்தாள். இதற்குள் கன்னம் விண்விண் என்று தெறித்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி நாற்பது, இப்போ அறுபது. ஏன் அறுபது?"

செங்கொண்டையம்மா அலகு தீட்டுவதை நிறுத்தினார். கோபப்பட்டாரா? இல்லை. ரொம்ப நாள் காத்திருந்தவர்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மூணு வருஷத்துல நீதான் பொண்ணே முதல்ல கேக்கறே. சொல்றேன். பல்லைக் கொத்திச் சுத்தம் பண்ணப் பத்து. சிப்பியை அரைச்சு உறை வார்க்கப் பதினஞ்சு. இதோ கூடமாட நிக்கற தையல்சிட்டுக்குக் கூலி அஞ்சு. வருஷத்துக்குள்ள உறை கழண்டா நானே சும்மா போட்டுக் குடுக்கறேன், அதுக்காக ஒரு பத்து. ஆச்சா?"

"நாற்பது ஆச்சு."

"மீதி இருபது குங்கிலியத்துக்கு. அந்தப் பிசின் இல்லாம உறை ஒட்டாது. முன்னே நம்ம துறையிலேயே குங்கிலிய மரம் நின்னுச்சு, எட்டிக் கொத்தி எடுப்பேன். அதைப் பெருவெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இப்போ காட்டுக் கடைசியில இருக்கற மலைக்குப் பறக்கணும். போக வர மூணு நாள். அந்த மூணு நாளும் யாருக்கும் வைத்தியம் கிடையாது. வழியில வல்லூறு வேற. ஒரு தடவை போனா ஒரு வாய்தான் கொண்டுவர முடியும்."

மணிமுத்தா அந்தச் சின்ன உடம்பையும், ஒரு பக்கம் சிறகு உதிர்ந்திருந்த இறக்கையையும் பார்த்தாள். இவரையா திருடி என்றான் அந்த உறுமன் என்று அவளுக்கு மனசு கனத்துப்போனது.

"அந்தக் குங்கிலியம் எப்படி இருக்கும்? நான் பார்க்கலாமா அம்மா?"

தையல்சிட்டு ஓர் இலைச் சுருளைக் கொண்டுவந்து பிரித்தது. உள்ளே கடலையளவு மஞ்சள் கட்டி பளபளவென்று இருந்தது.

மணிமுத்தா அதைப் பார்த்தாள். முகர்ந்தாள். வீங்கின வாயோடு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, ஐயோ! அம்மா, இதை வச்சுத்தான் என் பிள்ளைங்க பந்து விளையாடுது!"

"என்னது?"

"உங்க மரம் எங்கேயும் போகலை. என் வீட்டு வாசல்ல, தண்ணிக்கடியிலே கிடக்கு!"

செங்கொண்டையம்மா வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டார். பறவை தண்ணீருக்குள் பார்க்காது. தண்ணீருக்குள் இருந்தவளுக்கோ அது மருந்து என்று தெரியாது. மூன்று வருஷம் அந்த வைத்தியர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலைக்குப் பறந்ததும், மருந்து மடுவில் சும்மா கிடந்ததும், ஒரே ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லாததால்தான்.

மணிமுத்தா வலியை மறந்து ஓடினாள். மடுவில் முங்கினாள், எழுந்தாள், மறுபடி முங்கினாள். குட்டிகளும் கூடவே முங்கின. பொழுது சாய்வதற்குள் கரையில் ஒரு குவியல் குங்கிலியம் சேர்ந்துவிட்டது. இத்தனை நாள் தண்ணீரில் கிடந்தும் அது கரையவில்லை, குணமும் மாறவில்லை.

செங்கொண்டையம்மா குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது பத்து வருஷத்துக்கு வரும். பொண்ணே, உன்கிட்ட நான் காசே வாங்கமாட்டேன்."

"அதெல்லாம் வேண்டாம்மா. உங்க வேலைக்கு நாற்பது நியாயம். தையல்சிட்டுக்கும் வயிறு இருக்கு. நாற்பதே வாங்கிக்குங்க, எல்லார்கிட்டயும் நாற்பதே வாங்குங்க. பிசின் தீர்ந்தா சொல்லுங்க, முங்கி எடுத்துத் தர்றேன். என் வாசல்தானே!"

சொல்லுங்கள் பிள்ளைகளே, இப்படி ஒரு மனசு எத்தனை பேருக்கு வரும்?

மறுநாளே உறை ஏறியது. விலை நாற்பது, பட்டியலிலும் நாற்பது. பொந்து இருபது கொடுத்தது, மணிமுத்தா இருபது கொடுத்தாள். சேமிப்பில் பத்து மிச்சம்கூட இருந்தது. சாந்தப்பர் அந்த ஒரு நாள் மட்டும் பகலில் தூங்காமல் மரத்தை விட்டு இறங்கிவந்து, குவியலை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

செய்தி சேற்றுக்கும் எட்டியது. உறுமன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"இதென்ன அநியாயம்! போன வருஷம் காடே கிடுகிடுக்கக் கத்தினவன் நான். விலை குறைஞ்சது மட்டும் இவளுக்கா?"

"எல்லாருக்கும்தான் குறைஞ்சிருக்கு" என்றார் செங்கொண்டையம்மா. "நீங்க கத்தினீங்க, நான் இல்லேங்கலை. ஆனா ஏன்னு கேக்கவே இல்லையே."

உறுமன் காலால் மண்ணைக் கிளறினான். பிறகு, "இடது பக்கம் இன்னொரு பல்லு ஆடுது. அதுக்கு எவ்வளவு... ஏன் அவ்வளவு?" என்று முனகினான்.

"அப்படிக் கேளுங்க" என்று செங்கொண்டையம்மா நகர்ந்து இடம் விட்டார். "ஆனா முதல்ல சாந்தப்பரைப் போய்ப் பாருங்க. பொந்துல காசு போட்டே வருஷமாச்சு உங்களுக்கு."

அடுத்த மாதம் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு செக்கச்செவேல் என்று புரண்டு ஓடியது. மேட்டுக் கரையில் இரண்டு குட்டிகளும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க, மணிமுத்தா ஒரு பெரிய நண்டைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள்.

'படக்!'

இந்தத் தடவை உடைந்தது நண்டின் ஓடுதான்.

நீதி: வைத்தியம் முடிந்தபின் கத்துவதைவிட, தொடங்கும் முன் 'எவ்வளவு, ஏன்' என்று கேட்பதே நலம் தரும்.